ஒன்றும் செய்யாத வாயுவும் சும்மா இருக்கத் தெரியாத அண்ணனும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மாணவர்களுக்கான ஓர் அறிவியல் இதழ், மந்த வாயுக்களில் ஏதாவது ஒன்றைப் பற்றி அறுநூறு சொற்களில் கட்டுரை கேட்டது. நான் ஆர்கானை எடுத்துக்கொண்டேன். ஹீலியத்துக்குப் பலூன் இருக்கிறது, நியானுக்கு விளம்பரப் பலகை இருக்கிறது, ஆர்கானுக்கு மட்டும் கேட்க நாதியில்லையே என்ற பரிதாபம்தான் காரணம்.

முதல் தொடக்கம் இது:

ஆர்கானுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அது எதனோடும் லேசில் சேராது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக

[எனக்கே கொட்டாவி வந்ததால் இங்கே நிறுத்தினேன்.]

இரண்டாவது:

வணக்கம் பிள்ளைகளே! நான்தான் ஆர்கான் பேசுகிறேன்! நான்

[பேசாது. வலிய வந்து வணக்கம் சொல்லும் வாயு ஆர்கானாக இருக்க முடியாது. கிழித்துப் போட்டேன்.]

மூன்றாவது தொடக்கத்தில், சோம்பேறி என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது, இது ஒன்றுமே செய்யாத வாயு என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அண்ணி வேலையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் செய்யாதுன்னு எழுதியிருக்கீங்க, தம்பி."

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு அண்ணி."

"அந்தப் புத்தகம் எழுதினவரு ஒரு நாளாவது வெல்டிங் பண்ணியிருப்பாரா? பேசாம உங்க அண்ணன் கதையை எழுதுங்க. ஆர்கான் தன்னால புரியும்."

சமையலறையிலிருந்து அண்ணனின் குரல் அலறியது. "டேய், அதை மட்டும் எழுதித் தொலைக்காதே!"

எழுதாதே என்று ஒருவர் கெஞ்சிய பிறகும் எழுதாமல் இருப்பதற்கு நான் என்ன மந்த வாயுவா?

2

ஆக, பாத்திரங்கள்.

என் அண்ணி வெல்டர். பதினொரு வருடங்களாக ஒரே பட்டறையில் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று செய்து செய்து, அந்தத் தெருவில் அவருக்குக் 'கேட் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. என் அண்ணன் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். தலையணையைச் சரி செய்வது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, வியர்த்தால் துடைப்பது, நோயாளி தூங்கிவிட்டால் நோயாளியின் சொந்தக்காரருக்குப் போர்த்திவிடுவது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை நிற்காது. இந்தப் பத்தியை நான் எழுதுவதற்குள் இரண்டு முறை வந்து என் நாற்காலிக்குப் பின்னால் தலையணை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு முதுகு வலியே கிடையாது.

அண்ணிக்கு ஓர் ஆசை இருந்தது. புதிதாகக் கட்டும் பால் பதனிடும் ஆலைக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்யும் வேலை. ஐந்து பேர் வேண்டும், நான்கு இடம் நிரம்பிவிட்டது. ஐந்தாவது இடத்துக்குப் பட்டறையிலேயே வந்து ஒரு சோதனை வைப்பார்கள். தேறினால் வேலை. தவறினால் அடுத்த வருடம்தான். போன வருடம் அண்ணி ஒரு முறை தவறியிருந்தார்.

"கேட்டுல ஓட்டை இருந்தா துருதான் பிடிக்கும். பால் குழாயில குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கிருமி உக்காந்துக்கும், பால் கெட்டுடும். அந்த வேலையை ஒரு தடவையாவது செஞ்சு பாத்துடணும் தம்பி. இல்லாட்டி வாழ்க்கை முழுக்க மாடு உள்ள வராம இருக்கறதுக்கே வேலை செஞ்சவளா போயிடுவேன்" என்பார்.

[அண்ணியின் குறிப்பு: மாடு என்று நான் சொல்லவில்லை, ஆடு என்றுதான் சொன்னேன். எழுதுகிறவர் சரியாக எழுத வேண்டும்.]

இந்த வேலையில்தான் நம் வாயு வருகிறது. உலோகம் உருகிக் கொதிக்கும்போது வெறும் காற்று பட்டால் அவ்வளவுதான், கருகும், பொத்தல் விழும். அதனால் வெல்டிங் செய்யக் கையில் பிடிக்கும் டார்ச்சின் முனையில், சுடர் கிளம்பும் ஊசியைச் சுற்றி ஆர்கான் மெல்ல வழிந்துகொண்டே இருக்கும். அது இரும்போடும் சேராது, நெருப்போடும் சேராது. காற்றைத் தள்ளிவிட்டு, உருகிய இடத்தைச் சூழ்ந்து நிற்கும். வெல்டிங் ஆறிய பிறகு போய்விடும். குண்டு பல்புக்குள் கம்பி எரிந்துபோகாமல் காப்பதும், குளிர் நாட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் நடுவே இருந்துகொண்டு வெப்பத்தை வெளியே விடாமல் வைப்பதும் இதே குணம்தான்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நாம் சாதாரணமாக இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி ஆர்கான் உள்ளே போகிறது. போனது போனபடியே திரும்பி வருகிறது. இந்த வரியைப் படிக்கும்போதே ஒரு கரண்டி போய்விட்டு வந்திருக்கும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், அதுவும் எதிர்பார்க்காது.]

3

இனி கதை.

சோதனைக்கு ஒரு மாதம் இருந்தது. பட்டறை முதலாளியம்மா சின்ன வெல்டிங் மெஷினையும் ஒரு சிலிண்டரையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். வார நாட்களில் பட்டறையில் பழகுவது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பின்கட்டில், தகரக் கூரையின் கீழே பழகுவது என்று ஏற்பாடு. பழகிய ஒவ்வொரு துண்டின் மீதும் சாக்பீஸால் தேதி எழுதி, ஜன்னல் மேடையில் வரிசையாக அடுக்கிவைப்பார் அண்ணி.

பட்டறைத் துண்டுகள் வைக்கோல் நிறத்தில் மினுங்கின. அதுதான் நல்ல வெல்டிங்கின் நிறம். ஞாயிற்றுக்கிழமைத் துண்டுகள் அடுப்புக்கரி மாதிரி கறுத்து, பொத்தல் பொத்தலாக வந்தன. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம்.

அண்ணி சிலிண்டரை மாற்றிப் பார்த்தார். ஊசியைத் தீட்டிப் பார்த்தார். ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு தேடினார். எதிலும் குறையில்லை. மிச்சம் இருந்தது அவர் கை மட்டும்தான்.

"கை நடுங்குது போலிருக்கு. எனக்கே தெரியாம நடுங்குது" என்றார் ஒரு நாள் காலையில், டீயை ஆற்றிக்கொண்டே. கோப்பையில் இருந்த டீ அசையாமல் நின்றது.

அண்ணன் பதறிப்போனார். அன்றைக்கே ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரிடம் கேட்டு, பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து வாங்கிவந்தார்.

4

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.]

என் அண்ணன் கதைக்கு ஆகமாட்டார். இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? இலக்கியம் என்றால் ஒரு முள்ளாவது வேண்டாமா? அதனால் அவரை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன்:

மனைவி தன்னைவிட உயர்ந்துவிடுவாளோ என்ற பொறாமை அவன் நெஞ்சில் பாம்பாகச் சுருண்டிருந்தது. யாருமில்லாத நேரம் பார்த்து அவன் சிலிண்டரின் அருகே ஊர்ந்தான். அவன் உதட்டில் ஒரு கொடூரமான

கொடூரமான என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு வில்லன் வந்தார். கையில் ஆறு பென்சில். ஆறையும் சீவியிருந்தார்.

"நீ கம்ப்யூட்டர்லதான் எழுதறேன்னு தெரியும்டா. இருந்தாலும் இருக்கட்டுமேன்னு" என்றார்.

இரண்டு பக்கத்தையும் அழித்தேன். வேறென்ன செய்வது? ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், குற்றவாளி என்னவோ அவரேதான்.

5

நான்காவது ஞாயிறு. சோதனைக்கு மூன்று நாள் இருந்தது.

அண்ணி கறுத்த துண்டுகளையெல்லாம் எடுத்து வெயிலில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார். எல்லாத் துண்டுகளும் ஒரே பக்கம்தான் கறுத்திருந்தன. இடது பக்கம். வலது பக்கம் அவ்வளவும் பொன்னாக இருந்தது.

கை நடுங்கினால் ஒரு பக்கம் மட்டும் நடுங்குமா? நடுங்காது. அப்படியானால் காற்று. இடது பக்கத்திலிருந்து ஏதோ காற்று வந்து, நிற்கும் ஆர்கானைத் தள்ளிவிடுகிறது. ஆனால் பின்கட்டுக்கு மூன்று பக்கமும் சுவர். இடது பக்கம் இருப்பது சமையலறைக் கதவு மட்டும். மின்விசிறி கிட்டவே வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லியாயிற்று.

அண்ணி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கனத்த தோல் சட்டையை மாட்டினார், கையுறை போட்டார், ஹெல்மெட்டை இறக்கினார். அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுடரைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியாது. சுடரைப் பற்றவைத்தார். ஒரு விரல் நீளத்துக்கு வெல்டிங் ஓடியது. பாதியில் அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைப் படாரென்று மேலே தூக்கினார்.

இடது பக்கம், சமையலறை வாசலில், கையும் களவுமாக நின்றுகொண்டிருந்தார் அண்ணன்.

நின்றது எப்படி என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சுடரை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடி, அதற்கும் மேலே ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் எங்கள் அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே வைத்திருந்த பெரிய பழுப்பு உறை. உள்ளே படம் இருந்தால் தடதடக்கும் என்று அதை எடுத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு, வெறும் உறையால், பூனைக்குட்டிக்கு விசிறுவது போல மெதுவாக விசிறிக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடியிருந்ததால் சுடர் அணைந்ததே அவருக்குத் தெரியவில்லை. "பாவம், அந்தத் தோல் சட்டைக்குள்ள வெந்து போறா" என்று முணுமுணுத்துக்கொண்டே விசிறினார். அண்ணி ஒரு முழு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

உறை கையிலிருந்து நழுவி விழுந்தது. "ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

"இதுக்குப் பேரு சும்மாவா? எத்தனை வாரமா நடக்குது இந்தச் சும்மா?"

"முதல் ஞாயித்துக்கிழமையிலேருந்து."

"அட கடவுளே! என் கை போச்சு, நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு ஒரு மாசமா செத்துக்கிட்டிருக்கேன். நீங்க பின்னாடி நின்னு விசிறிக்கிட்டிருக்கீங்க! விசிறி வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"மின்விசிறிதானேம்மா வேணாம்னே? கரண்டு கிரண்டு அடிச்சுடும்னு சொல்றேன்னு நெனச்சேன். அதான் இந்தக் கவரால..."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு டார்ச்சை எடுத்துக் காட்டி, ஆர்கான் எப்படி வழிகிறது, எப்படிச் சூழ்ந்து நிற்கிறது, லேசாகக் காற்று பட்டாலும் எப்படிக் கலைந்து போகிறது என்று விளக்கினார். அண்ணன் வார்டில் டாக்டர் சொல்வதைக் கேட்பது மாதிரி கை கட்டிக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அப்ப உன் வேலையைக் கெடுத்ததே நான்தானா?"

"நீங்களேதான்."

"அப்ப நான் உனக்கு என்னதான் செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்ய வேணாங்க. சும்மா பக்கத்துல இருங்க. அது போதும்."

அண்ணன் முகத்தைப் பார்த்தால், ஏதோ தீராத நோய் என்று சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை சரியாகத்தான் இருக்கிறது என்ற சந்தோஷமும் சேர்ந்துகொள்ள, ஹெல்மெட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

[அண்ணியின் குறிப்பு: கண்ணில் நீர் வந்தது உண்மைதான். சிரித்ததால் மட்டுமே வந்தது என்று தெளிவாகப் போடவும்.]

6

கட்டுரையாளனாக இங்கே முடித்திருக்கலாம். 'ஆகவே மாணவர்களே' என்று ஒரு வரி போட்டால் போதும், அறுநூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் சோதனை இன்னும் நடக்கவில்லையே. அண்ணி தேறினாரா இல்லையா என்று சொல்லாமல் போனால் நீங்கள் என்னைச் சும்மா விடுவீர்களா?

7

புதன்கிழமை காலை பத்து மணி. பட்டறை.

சோதிக்க வந்தவர் கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். டீ டம்ளரைக் கூட அதில் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் லென்ஸ்காரர். அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தோளில் ஒரு பை, அதில் துண்டு, தண்ணீர், பஞ்சு, கட்டுத்துணி, களிம்பு, அந்த ரப்பர் பந்து. பையைத் திறக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகே அண்ணி கூட்டி வந்தார்.

இரண்டு குழாய்த் துண்டுகளை முட்டவைத்து இடுக்கியில் பொருத்தி, எண் போட்டு, முத்திரையும் குத்தியாயிற்று. குழாய்க்கு உள்ளேயும் காற்று இருக்கக்கூடாது. அதனால் இரண்டு முனைகளையும் அடைத்து, அடியிலிருந்து ஆர்கானை நிரப்பினார் அண்ணி. ஆர்கான் காற்றைவிடக் கனம், அடியில் தங்கிக் காற்றை மேலே தள்ளும். காற்று வெளியேற மேலே விட்டிருந்த துளையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினார். பொசுக்கென்று அணைந்தது. உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டு வாசல் வழியாகச் சந்துக் காற்று வீசியது. மேசை மேலிருந்த தாள்கள் பறந்தன.

அந்த வாசலுக்குக் கதவில்லை. ஊருக்கெல்லாம் கதவு செய்துகொடுக்கும் பட்டறையில், சொந்தக் கதவின் கீல் உடைந்து எட்டு மாதமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. வழக்கமாகத் தொங்கும் தார்ப்பாயை அன்றைக்குச் சரக்கு வண்டியை மூட எடுத்துப் போயிருந்தார்கள். முதலாளியம்மா தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

லென்ஸ்காரர் உதட்டைப் பிதுக்கினார். "முத்திரை போட்டதை இடம் மாத்த முடியாதும்மா. இப்பவே ஆரம்பிக்கணும், இல்லேன்னா அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அடுத்த தடவை என்றால் அடுத்த வருடம். அண்ணி வாசலைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். என் அண்ணன் நல்ல அகலம்.

"தள்ளிப் போட வேணாம் சார். கதவு இருக்கு" என்றார் அண்ணி. "ஏங்க, இங்க வாங்க. இப்படி நில்லுங்க. முகம் சந்துப் பக்கம், முதுகு என் பக்கம். கையை ரெண்டு பக்கமும் ஊனிக்கங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது. திரும்பக்கூடாது. எதுவும் செய்யக்கூடாது."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

அண்ணன் போய் நின்றார். காற்று நின்றது. சுடர் பற்றியது.

நான் முன்வாசல் வழியாகச் சுற்றிச் சந்துக்குப் போனேன். கதை எழுதுகிறவன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் அல்லவா? அண்ணனின் மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்திருந்தது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, சைக்கிளில் வந்த ஓர் அம்மாளின் பை அறுந்து, உருளைக்கிழங்கெல்லாம் சந்து முழுக்க உருண்டோடின. அண்ணனின் உடம்பே ஒரு முறை குலுங்கியது. கால் கிளம்பவில்லை.

"அந்தச் சக்கரத்துக்கு அடியில ஒண்ணு போகுது பாருங்கம்மா! சாக்கடை ஓரமா ரெண்டு! டேய், மரம் மாதிரி நிக்கறியே, பொறுக்கிக் கொடுடா!"

நான் பொறுக்கினேன். நின்ற இடத்திலேயே நின்று அத்தனை கிழங்கையும் எண்ணிச் சரி பார்த்தார் அண்ணன். "கையைக் காலை அசைக்காம அதிகாரம் பண்றதைப் பாரு" என்று அந்த அம்மாள் முறைத்துவிட்டுப் போனார். வாழ்நாளில் அண்ணனை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

[இந்த இடத்தில் 'அண்ணன் ஆர்கானாகவே மாறிவிட்டார்' என்று ஒரு வரி இருந்தது. அண்ணி அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறார்: ஆர்கானுக்கு இது சுலபம். இவருக்கு இல்லை. இரண்டும் ஒன்றா?]

8

நான் உள்ளே திரும்பியபோது வெல்டிங் முடிந்திருந்தது. ஆறியது. வைக்கோல் நிறத்தில், இடமும் வலமும் ஒரே மாதிரி. லென்ஸ்காரர் அதோடு விடவில்லை. குழாயிலிருந்து பட்டை பட்டையாக நான்கு துண்டு அறுத்து, தேய்த்து, ஒவ்வொன்றாக அழுத்து மெஷினில் வைத்து, வெல்டிங் செய்த இடமே வெளிப்பக்கம் வருமாறு லாடம் போல வளைத்தார். உள்ளே ஒரு குறை இருந்தாலும் வளைவில் வாய் பிளந்துவிடும்.

ஒன்று, பிளக்கவில்லை. இரண்டு, பிளக்கவில்லை. மூன்றாவதை வளைக்கும்போது முதலாளியம்மா என் கையைப் பிடித்து நசுக்கியதில் இன்னும் தழும்பு இருக்கிறது. நான்காவதைப் பூதக்கண்ணாடி வழியாக வெகு நேரம் பார்த்த லென்ஸ்காரர், நகத்தால் ஒரு முறை வருடிவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல குறை கண்டுபிடிக்கணும்னா நான் வேற கண்ணாடிதாம்மா வாங்கணும். திங்கக்கிழமை ஆலைக்கு வந்துடுங்க."

முதலாளியம்மா விரலை வாயில் வைத்து விசிலடித்தார். கிரைண்டர் இரைச்சலில் அது பாதிதான் கேட்டது. அண்ணி வளைந்த பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி குதித்தார்.

[அண்ணியின் குறிப்பு: ஒரு முறைதான் குதித்தேன். சரி, இரண்டு முறை.]

குதித்து முடித்தவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். நாங்களும் திரும்பினோம்.

அண்ணன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். முகம் சந்துப் பக்கம், முதுகு எங்கள் பக்கம், இரண்டு கையும் சுவரில். நான் சொல்ற வரைக்கும் என்று அண்ணி சொல்லியிருந்தார். யாரும் போய்ச் சொல்லவில்லை.

9

முடிவுகள் மூன்று எழுதினேன்.

(அ) அண்ணி பின்னாலிருந்து போய் அண்ணனின் கண்ணைப் பொத்தி

(ஆ) நான் ஓடிப்போய், "அண்ணா, அண்ணி பாஸ்!" என்று கத்த, அவர் திரும்பி

(இ) லென்ஸ்காரரே அண்ணனின் தோளைத் தட்டி, "கதவு ரொம்ப நல்ல கதவு" என்று

மூன்றையும் படித்துவிட்டு அண்ணி உதட்டைச் சுழித்தார். "எல்லாத்துலயும் உங்களுக்குத் தெரிஞ்சவங்களே போய்ச் சொல்லிடறாங்க தம்பி. இவ்வளவு நேரம் நம்மகூடவே இருந்து, ஒரு வார்த்தை பேசாம, எதையும் கலைக்காம பாத்துக்கிட்டிருந்தவங்க ஒருத்தங்க இருக்காங்களே, அவங்களுக்கு ஒரு வேலை குடுங்களேன்."

அதனால் கதையை இங்கேயே நிறுத்தி வைக்கிறேன். அண்ணி உதட்டில் விரலை வைத்து எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வளைந்த பட்டையை மார்போடு பிடித்திருக்கிறார். வாசலில் அந்த அகலமான முதுகு வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. மூக்கில் ஈ இன்னும் போகவில்லை. மனைவி ஜெயித்தது அவருக்குத் தெரியாது. அசையலாம் என்பதும் தெரியாது.

இதைப் படிக்கும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், கால் மரத்துப்போயிருக்கும். சொன்னதும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வது நல்லது. உங்கள் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை தெரிந்தாலும் போதும், முதல் வேலையாகப் பையைத் திறந்து உங்களுக்கு விசிற ஆரம்பித்துவிடுவார்.